ஐந்து பங்கு ஈரல்

மழைக்காலக் காய்ச்சல் விட்டுப்போன மறுவாரம், பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிற பெண்மணியின் ஊடாக, அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த கால அட்டவணையை முழுதாகப் படிக்க முடிந்தது. அதற்கு முன்னால் அவருடைய தலையும் தோளும் மாலை நேர வண்டிகளை மறைத்துக்கொண்டிருந்தன. பயணிகள் அவர் உட்கார்ந்திருக்கிற அறிவிப்புக் கூண்டின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து, "கொஞ்சம் சாஞ்சுக்குங்கக்கா, ஆறரை வண்டி உண்டான்னு பாக்கணும்" என்பார்கள். அவரும் பேசிக்கொண்டே ஒரு பக்கம் சாய்ந்து கொடுப்பார். இப்போது சாயச் சொல்லவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. வசதிதான் என்று இரண்டொருவர் வாய்விட்டே சொன்னார்கள். கூண்டைத் துடைக்கிற பெண் மட்டும், துடைத்த கண்ணாடியும் துடைக்காத ஆளும் ஒரே மாதிரி பளிச்சென்று இருப்பது குழப்பமாக இருக்கிறது என்று மேலாளரிடம் முறையிட்டாள். மேலாளர் வந்து பார்த்தார். அவர் எதையும் பெரிதுபடுத்தாத மனிதர். "இனிமே வெளிர் கலர்ல கட்டாதீங்கம்மா, அடர் கலரா கட்டிட்டு வாங்க. இல்லேன்னா வந்தீங்களா வரலையான்னே தெரியாம ஆப்சென்ட் போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அந்தப் பெண்மணி கருநீலமும் அரக்கும் மாற்றி மாற்றிக் கட்டினார்.

ஊரில் அவரை மைக் அக்கா என்றுதான் சொல்வார்கள். அந்த ஆண்டு காய்ச்சல் பலரையும் பிடித்தது. சிலருக்கு முடி கொட்டியது, சிலருக்கு மூட்டு பிடித்துக்கொண்டது, பாத்திரக் கடைக்காரருக்கு இனிப்பின் ருசி மட்டும் தெரியாமல் போயிற்று. மைக் அக்காவுக்கு நிறம் போயிற்று. முதலில் வெளுப்பு, "என்னக்கா, பவுடர் ஜாஸ்தியாயிடுச்சா?" என்று டீக்கடைக்காரர் கேட்கிற அளவுக்கு. அப்புறம் பால் கலந்த தண்ணீர் போல. அப்புறம் வெறும் தண்ணீர். எலும்பு, குடல் என்று எதுவும் வெளியே தெரிந்து பார்ப்பவர்களைப் பயமுறுத்தவில்லை. தோல் போன வேகத்திலேயே அவையும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டன. அந்த வகையில் மரியாதை தெரிந்த நோய். சேலை நடந்து வந்ததால் ஆள் வருகிறார் என்று தெரிந்தது. குரல் கேட்டதால் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தது. குரலில் ஒரு குறையும் இல்லை. மேற்கு வழி வண்டி மூன்றாம் மேடைக்கு வந்துவிட்டது என்று அக்கா சொன்னால், நிலையத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் உலை வைப்பார்கள். கிழக்கு வழி புறப்படுகிறது என்றால் துணியைக் காயப்போடுவார்கள். வண்டி ஏறாதவர்களுக்கும் அந்தக் குரல் வேண்டியிருந்தது. அதனால் ஆள் மங்கிக்கொண்டு வருவதை ஊர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

நிற்க. மருத்துவரிடம் போகவில்லையா என்று கேட்கலாம். போனார்கள். டாக்டரம்மா அக்காவின் கீழிமையை இழுத்துப் பார்த்தபோது, அங்கே இருக்க வேண்டிய சிவப்புக்குப் பதிலாக எதிர்ச்சுவரின் கடிகாரம் தெரிந்தது. ஊசி குத்தி எடுத்த ரத்தம் குழாயில் ரோஜா நிறத் தண்ணீராக நின்றது. டாக்டரம்மா இதற்கு முன்னால் இதே மாதிரி இரண்டு பேரைப் பார்த்திருந்தார். ஒருவர் ரொட்டிக் கடைக்காரர். சொன்ன பேச்சைக் கேட்டு, சாப்பிட்டு, இப்போது பருமனாக இருக்கிறார். மற்றவர் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர், அசட்டையாக இருந்துவிட்டார். இன்னும் அந்த அலுவலகத்தில்தான் எங்கோ இருக்கிறார் என்று நம்புகிறார்கள். அவருடைய நாற்காலியில் யாரும் சட்டென்று உட்காருவதில்லை. "மாத்திரை எழுதித் தரேன், விடாம போடணும். ஆனா மாத்திரை மட்டும் பத்தாது. ஈரல் சாப்பிடுங்க. சுவரொட்டி கிடைச்சா அதையும். ஏதோ ருசி பாக்கற மாதிரி இல்ல, வயிறு நிறைய" என்றார் டாக்டரம்மா. சுவரொட்டி என்று கறிக்கடைகளில் சொல்வது ஆட்டின் மண்ணீரலை; கறுத்து, தட்டையாக, நாக்கைப் போல நீண்டிருக்கும். கடைசியில் டாக்டரம்மா அக்காவின் கணவரைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "கடைசியாப் போறது குரல். அதுக்குள்ள நிறம் திரும்பணும். குரலும் போச்சுன்னா நான் யாரைத் தேடிப் பிடிச்சு ஊசி போடறது, நீங்களே சொல்லுங்க?"

அந்த வீட்டில் ஐந்து பேர். மாமனார், பேருந்தில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். மாமியார். அக்காவின் கணவர், நிலையத்துக்கு எதிரே டயர்க் கடை வைத்திருந்தார். அவருடைய தம்பி, அதாவது அக்காவின் கொழுந்தன், ஐஸ் பேக்டரியில் கட்டி தூக்குகிறவன். ஐந்தாவது அக்கா. இவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு: வீட்டுக்குள் வருகிற எந்தச் சாப்பாட்டையும் இம்மி பிசகாமல் சமமாகப் பங்கு போட வேண்டும். அண்ணனும் தம்பியும் சிறு வயதில் ஒரு கோழிக்காலுக்காகக் கட்டிப் புரண்டதில் தம்பியின் முன்பல்லில் பாதி போய்விட்டது; வழக்கம் அன்றைக்கு ஏற்பட்டது. வெகுகாலம் மாமியார்தான் பங்கு போட்டார். ஆனாலும் அவர் கைக்கு ஓரவஞ்சனை உண்டு என்று இரு மகன்களும் எதிரெதிர்த் திசையிலிருந்து குற்றம் சொன்னார்கள். அக்கா கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு மீனை அறுத்துத் தட்டுகளில் வைத்தார். சகோதரர்கள் இருவரும் தட்டை ஏந்திக்கொண்டு மளிகைக் கடைத் தராசுக்கே போய்விட்டு வந்து, வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள். அன்றைக்கே மாமியார் கரண்டியை மருமகள் கையில் கொடுத்துவிட்டார். அக்காவின் கண் அப்படிப்பட்டது. ஒரே முட்டையை மஞ்சள் கலையாமல் நான்காகப் பிளப்பார். வீட்டில் ஐந்து பேர் இருக்க ஏன் நான்கு என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கூடத்தில் இருந்த தட்டுகள் எல்லாம் சமமாக இருந்தன. பரிமாறியவரின் தட்டு அடுக்களையில் இருந்தது.

கணவர் மறுநாளே ஈரல் வாங்கிவந்தார். அக்கா அதை முறைப்படி செய்தார். மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை உரித்து, நடுவில் ஓடும் வெள்ளைக் குழாய்களை நறுக்கி எடுத்து, நன்றாக ஒருமுறை அலசி, வெங்காயம் வதங்கியபின் போட்டு, மிளகு தூவி, நடுவில் சிவப்பு மாறியதும் இறக்கினார். "இன்னும் ரெண்டு கிளறு கிளறினா உங்க கடையில தொங்கவிடலாம், டயர் மாதிரி ஆயிடும்" என்று கணவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்; சிரிப்பு கேட்டதே தவிர, உதடு தெரியவில்லை. பிறகு பங்கு போட்டார். நான்கு தட்டுகள் கூடத்துக்கு வந்தன. நான்கும் சமம். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகு, சட்டியில் ஒட்டிய மசாலாவில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, அடுப்புத் திட்டில் சாய்ந்தபடியே தானும் சாப்பிட்டார். அவரைக் கேட்டால், ஈரல் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வார். அவர் மனதில் அது பொய்யே இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அப்படிச் சாப்பிடுவதற்குத்தான் அவர் சாப்பாடு என்று பெயர் வைத்திருந்தார்.

வீட்டில் மாற்றம் சீக்கிரமே தெரிந்தது. மாமனாரின் வழுக்கையில் சுருள் சுருளாகக் கறுப்பு முடி கிளம்பியது. அவர் சீப்பு ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாமியாருக்கு முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. மத்தியானத் தூக்கம் வராமல், ஏணி போட்டு ஏறிக் கூரையைச் சரி செய்தார். அது முடிந்ததும் பக்கத்து வீட்டுக் கூரையையும் கேட்காமலே சரி செய்தார். கணவர் கடையில் ஜாக்கிக்கு வேலையில்லாமல் போயிற்று. லாரியின் ஒரு மூலையை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் போல்ட்டைக் கழற்றுவார். லாரிக்காரர்கள் அதை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டார்கள். அதிகம் பாதிக்கப்பட்டவன் கொழுந்தன்தான். அவன் தோளில் ஏறிய ஐஸ் கட்டி வண்டிக்குப் போவதற்குள் பாதியாகக் கரைந்தது. முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ தொடாத வேலையா ஏதாவது பாரு" என்று அவனை வாசலில் வண்டிகளுக்கு வழிகாட்டுகிற வேலைக்கு மாற்றினார். தெருவில் அந்தக் குடும்பத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். "என்னதான் சாப்பிடறீங்களோ, செங்கல் சூளை மாதிரி இருக்கீங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர். ஐந்தாவதாக அந்த வீட்டிலிருந்து ஓர் அரக்குச் சேலை காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

கணவருக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மனைவி மேல் பிரியமில்லாதவர் இல்லை. ஆனால் பிரியம் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "நானும் அலைஞ்சு அலைஞ்சு வாங்கிட்டு வரேன். ஈரலு, சுவரொட்டி, கிட்னின்னு ஆட்டையே பாதி கொண்டு வந்து போட்டாச்சு. வீட்டுல எல்லாருக்கும் ஒட்டுது, உனக்கு மட்டும் ஏன் ஒட்ட மாட்டேங்குது?" என்று சேலை இருந்த திசையைப் பார்த்துக் கத்தினார். "நானும்தாங்க சாப்பிடறேன். ஒவ்வொருத்தர் உடம்பு வாகு" என்று சேலை பதில் சொன்னது. அவர் இன்னும் கூடுதலாக வாங்கி வந்தார். அதுவும் நான்காகப் பிரிந்தது. மாமனாரின் முடியை வெட்டிய நாவிதர் கத்தரியைச் சாணை பிடிக்கக் கொடுத்தார்.

மழை நின்று வெயில் திரும்பிய சமயத்தில் குரல் மெலியத் தொடங்கியது. முதலில் வாக்கியத்தின் கடைசிச் சொல் கேட்காமல் போயிற்று. எந்த மேடை என்பது போயிற்று. பிறகு நடுவில் உள்ளது போயிற்று. எந்த வழி என்பது போயிற்று. மேற்கே போகவேண்டிய தையல்காரர் ஒருவர் கிழக்கு வண்டியில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அந்த இடத்துத் தண்ணீர் பிடித்துப்போய், அங்கேயே கடை போட்டுத் தங்கிவிட்டார். வெகுநாளாகப் பேசாதிருந்த பங்காளிகள் இருவர் ஆளுக்கொரு திசையில் போக வேண்டியவர்கள், தவறான வண்டியில் ஒரே இருக்கையில் மாட்டிக்கொண்டு, வேறு வழியில்லாமல் சமாதானம் ஆனார்கள். ஆனால் இப்படி நல்லபடியாக முடிந்தவை சொற்பம். வீடுகளில் உலை தாறுமாறான நேரத்தில் கொதித்தது. மேலாளர் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினார்கள்; மூச்சுவிடுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. டயர்க் கடையில் கணவர் சுத்தியலை நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் காதைக் கொடுத்தபடி நிற்பதை அந்த நாட்களில் பலரும் பார்த்தார்கள்.

கண்டுபிடித்தவர் மாமியார். அதற்கு முன்னால் பல வருஷமாக, சாப்பிட்டதும் போய்ப் படுத்துவிடுவார். இப்போது தூக்கம் போய்விட்டதால், தட்டு காய்வதற்குள் கழுவி வைக்கலாம் என்று அடுக்களைக்குள் நுழைந்தார். மருமகள் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: அக்கா கண்ணாடி போல ஆகிவிட்டாரே ஒழிய, அவர் விழுங்குகிற சாப்பாடு உடனே கண்ணாடி ஆகிவிடுவதில்லை, அவர் உடம்போடு சேரும்வரை தன் நிறத்திலேயே இருக்கும். கழுத்துக்குக் கீழே சேலை மறைத்துவிடும் என்பதால் அதுவரை யாரும் பார்த்ததில்லை. மாமியார் பார்த்தார். உதடு இருக்க வேண்டிய இடத்திலிருந்து சேலையின் ஓரம்வரை, மசாலா தடவிய சோறு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. வேறொன்றும் இறங்கவில்லை. மாமியார் சட்டியை எட்டிப் பார்த்தார். சட்டி வழித்துவிடப்பட்டிருந்தது.

"ஏண்டி, துண்டு எங்க?"

"சட்டில ஒட்டியிருந்தது போதும் அத்தை" என்று மூச்சளவில் பதில் வந்தது.

"ஒட்டியிருந்தது சட்டிக்கு. உனக்கு எங்க?"

குரல் அவ்வளவுதான் இருந்ததா, பதிலே இல்லையா என்று மாமியாருக்குத் தெரியவில்லை. அவர் கழுவ வந்த தட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். தன் கையில் கரண்டி இருந்த அத்தனை வருஷமும் தானும் இதே திட்டில் சாய்ந்து, இதே சட்டியை வழித்துத்தான் சாப்பிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கரண்டியை மருமகளிடம் கொடுத்தபோது வீட்டு அதிகாரத்தைக் கொடுக்கிறோம் என்றே நினைத்திருந்தார். கூடவே அந்தச் சட்டியையும் கொடுத்துவிட்டது தெரியவில்லை. கூடத்துக்கு வந்து, ஆண்கள் மூவரையும் எழுப்பி உட்காரவைத்து, ஒரு சொல் விடாமல் சொன்னார். மாமனார் சீப்பை எடுத்துச் சட்டைப்பையிலிருந்து அலமாரிக்கு மாற்றினார். கணவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தெரிந்துவிட்டதே, இனி சுலபம்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அடுத்து வந்த ஈரல் முழுவதையும் அக்காவுக்கே என்று ஒதுக்கினார்கள். அக்கா சரி என்று அடுக்களைக்குள் போய், நான்கு கிண்ணங்களில் சமமாகப் போட்டு மூடி வைத்தார். அப்புறம் பசித்தால் வேண்டுமே என்றார். எங்களுக்கு வயிறு சரியில்லை என்றார்கள். சரியான பிறகு சாப்பிடலாம் என்றார். நான்கு பேரும் வீட்டைவிட்டு வெளியே போய்ப் பார்த்தார்கள்; பங்கு எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் மதில் மேலிருந்த பூனைக்கும் போயிற்று. அந்தப் பூனை கொஞ்ச நாளில் எவ்வளவு வளர்ந்ததென்றால், அது வந்தால் நாய்கள் தெருவின் மறுபக்கம் மாறி நடந்தன. கதவை வெளியே தாழிட்டுப் பார்த்தார்கள். தட்டு ஜன்னல் வழியாக வெளியே வந்தது. மாமியார் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு துண்டை வாயில் போட வைத்தபோது, அது தொண்டை நடுவில் போய் நின்றுவிட்டது. நிற்பது எல்லோருக்கும் தெரிந்தது. "நான் வேணும்னு பண்ணல அத்தை. தனியாத் தின்னா இறங்க மாட்டேங்குது" என்றார் அக்கா. அதைக் கேட்க மாமியார் காதைத் தொண்டையோடு ஒட்டிவைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி போட்டதும் ஒன்றும் கேட்கவில்லை. வண்டிகள் மேடைகளில் நின்றபடியே நின்றன. ஓட்டுநர்கள் கண்ணாடியைத் துடைத்தார்கள், மறுபடியும் துடைத்தார்கள். சுற்றியிருந்த வீடுகளில் பெண்கள் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். எதிரே டயர்க் கடையில், கணவர் தூக்கிப் பிடித்திருந்த லாரியை மெதுவாகக் கீழே வைத்தார். சாலையைக் கடந்து ஓடினார். கூண்டுக்குள் நாற்காலியில் கருநீலச் சேலை உட்கார்ந்திருந்தது. மைக்கின் பொத்தான் அழுந்தியே இருந்தது. மேலாளர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சேலை மேலயும் கீழயும் அசையுது சார். மூச்சு இருக்கு. கூட்டிட்டுப் போங்க, நான் ஆப்சென்ட் போடல" என்றார். கணவர் குனிந்து, கை எது என்று தெரியாமல், சேலை முழுவதையும் சேர்த்து அள்ளித் தூக்கிக்கொண்டார். லாரியைத் தூக்கியவருக்கு அந்தச் சேலையின் கனம்தான் தாங்க முடியாததாக இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

வீட்டில் மாமியார் முந்திக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்திருந்தார். அன்றைக்குச் சமைத்தது அவர்தான். ஈரலும் சுவரொட்டியும் ஒரே சட்டியில். இறக்கிக் கூடத்தின் நடுவில் வைத்து, சேலையை அதன் எதிரில் உட்கார வைத்து, கத்தியையும் கரண்டியையும் முன்னால் போட்டார். "பங்கு போடுடி. அஞ்சு. நாலாப் போட்டேன்னா சட்டியைத் தூக்கித் தெருவுல வீசிடுவேன்." ஆண்கள் மூவரும் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தார்கள். கத்தி தானாக எழுந்தது. துண்டுகள் விழுந்தன. ஐந்து தட்டுகள் நிறைந்தன. எப்போதும்போல இம்மி பிசகவில்லை. மாமியார் தன் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது யார் பங்கு? என் பங்குதானே? நீதானே போட்ட? என் பங்கை நான் திம்பேன், திங்காம இருப்பேன், எனக்கு இஷ்டமானவங்களுக்குக் குடுப்பேன். கேக்கறதுக்கு உனக்கு உரிமை இல்ல. வாயைத் திற."

வாய் எங்கே என்று தெரியவில்லை. முதல் துண்டு மூக்கில் பட்டது. மசாலா அந்தரத்தில் ஒரு பொட்டாக நின்றது. "கீழ, இன்னும் கொஞ்சம் கீழ" என்றார் மாமனார். அடுத்த முறை துண்டு உள்ளே போயிற்று. தொண்டை நடுவில் வந்து நின்றது. நின்றது, அசைந்தது, இறங்கியது. ஐஸ் பேக்டரி வாசலில் பின்னால் வருகிற வண்டிக்குக் கைகாட்டுகிற பழக்கத்தில் கொழுந்தன் தன்னையறியாமல், "வரட்டும்... வரட்டும்... வரட்டும்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சேலைக்குள் போய் மறைந்ததும் மாமனார், "ரைட்" என்றார்.

மாமியார் தட்டு காலியானது. மாமனார் தன் தட்டை எடுத்தார்; பேசாமல், டிக்கெட் சரிபார்க்கிற கவனத்தோடு ஊட்டினார். கொழுந்தன், "அண்ணி, இதுக்கு அரைப் பல்லைக் குடுத்தவன் நானு. மரியாதையா நல்லா மென்னு தின்னுங்க" என்றான். கணவருக்கு யாருக்கும் ஊட்டிப் பழக்கமில்லை. ரப்பர்க் கறை போகாத விரல்களில் துண்டை எடுத்து, "நீ போட்டதுதான். சமமாத்தான் இருக்கு. பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். அது மற்ற எல்லாவற்றையும்விடச் சுலபமாக இறங்கியது. கடைசியில் ஐந்தாவது தட்டு இருந்தது. அது அக்காவின் பங்கு. அதை ஊட்ட யாருக்கும் உரிமை இல்லை. நான்கு பேரும் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து, தட்டிலிருந்து ஒரு துண்டு மெதுவாக மேலே எழுந்தது. அதைப் பிடித்திருந்த விரல் நுனிகளில், நகம் இருக்க வேண்டிய இடத்தில், ரோஜாப்பூ நிறத்தில் ஐந்து புள்ளிகள் தெரிந்தன. துண்டு வாய்க்குள் போனது. மெல்லுகிற சத்தம் கேட்டது. பிறகு கரகரப்பாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியாக, அக்காவின் குரல் சொன்னது: "உப்பு கம்மி."

"நல்லா இருக்கு. திரும்பி வந்ததும் பேச்சைப் பாரு" என்று சொல்லிவிட்டு மாமியார் சேலை மேல் சாய்ந்து அழுதார்.

அதன்பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் அப்படியே நடந்தது. மாத்திரையும் நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் டாக்டரம்மாவுக்கு நியாயம் செய்ததாகாது. உதடு முதலில் வந்தது, பிறகு காது மடல், உள்ளங்கை. கன்னம் வருவதற்கு வெகுநாள் பிடித்தது. வந்த நிறம் பழைய நிறத்தைவிட ஒரு பங்கு அடர்த்தியாக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. மாமனாரின் சுருள்முடி உதிர்ந்தது. டயர்க் கடையில் ஜாக்கிக்கு எண்ணெய் போட்டார்கள். கொழுந்தனை ஐஸ் பேக்டரி முதலாளி மறுபடியும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். கால அட்டவணையை வேறு சுவருக்கு மாற்றினார்கள். ஊரில் உலை நேரத்துக்குக் கொதித்தது. தட்டச்சு அலுவலகத்தில் இதைக் கேள்விப்பட்டு, அந்தக் காலி நாற்காலிக்கு எதிரே ஒரு தட்டைக் கொண்டுபோய் வைத்தார்கள். பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சாயங்காலம் தட்டு காலியாக இருந்தது. இப்போது அங்கே தட்டச்சுச் சத்தம் கேட்கிறது என்கிறார்கள். வெளுத்துப் போனவர்கள் சில பேர் அந்த வீட்டுக்கும் வரத் தொடங்கினார்கள். மாமியார் வாசலில் நிற்பவரை ஒரு பார்வை பார்ப்பார். அவர் ஊடாக எதிர்வீட்டு ஜன்னல் தெரிந்தால், எதுவும் கேட்காமல் உள்ளே திரும்பி இன்னொரு தட்டு எடுத்து வைப்பார்.

இப்படிப் பல வருஷங்கள் போயின. கொழுந்தனுக்கு மீசை நரைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விருந்தாளி யாரும் இல்லாத நாள், அக்கா ஐந்து தட்டுகளிலும் ஈரலை வைத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்து, தானும் வட்டத்தில் உட்கார்ந்தார். நான்கு தட்டுகள் சமம். ஐந்தாவதில் இருந்தது மற்றவற்றைவிட ஒரு விரல் பெரிது. அக்கா கை போட்ட பங்கில் ஒன்று மற்றொன்றுக்கு மிஞ்சியது அதுவே முதல் தடவை. கொழுந்தன் தன் தட்டைப் பார்த்தான், அண்ணன் தட்டைப் பார்த்தான், அப்புறம் அண்ணி தட்டைப் பார்த்தான்.

"அண்ணி, அது..."

"பெருசுதான். எனக்குத்தான். இன்னைக்குப் பசிக்குது."

கணவர் தண்ணீர்ச் செம்பை மனைவி பக்கம் நகர்த்தி வைத்தார். மாமனார் இலேசாகத் தலையை ஆட்டினார். "பேசிட்டே இருந்தா ஆறிப் போயிடும், சாப்பிடுங்க" என்றார் மாமியார். எல்லோரும் சாப்பிட்டார்கள்.